மாத்தாள் கொடுத்த ரத்தம்

வெள்ளிமலைக் கடைத்தெருவில் தையல்காரர் அம்மாசியிடம் முதல் தடவை சட்டை தைக்கப் போகிறவர்கள் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். மனிதர் பார்க்கிற பார்வை அப்படி. பார்வையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கருவிழி இடமும் போகாது, வலமும் போகாது, மேலேயும் ஏறாது. பக்கத்தில் நின்று யாராவது கூப்பிட்டால் தலையும் தோளும் சேர்ந்து திரும்பும். இமை வேறு பாதிக்கு மேல் தூக்காது. அதனால் தாடையைக் கொஞ்சம் உயர்த்தித்தான் ஆளைப் பார்ப்பார். தெரியாதவர்கள், "தையக்காரனுக்கு இன்னா தெனாவட்டு பாரு" என்று முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். தெரிந்தவர்கள் நேராக அவர் முகத்துக்கு முன்னால் போய் நின்று பேசுவார்கள்.

தெனாவட்டுக்கும் அவருக்கும் துளியும் சம்பந்தம் கிடையாது. கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவர். விலா எலும்பும் முதுகும் கொஞ்சம் கோணல். மூட்டை தூக்க ஆகாது என்று சின்ன வயதிலேயே மலைக்குக் கீழே கச்சிராயபாளையத்தில் ஒரு தையல் கடையில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேதான் அவருக்கு யோகம் அடித்தது. தையல் மிஷினில் கண் அலைய வேண்டிய வேலையே இல்லை. ஊசி ஒரே இடத்தில் நிற்கிறது, துணிதான் நகர்கிறது. "எனக்குன்னே கண்டுபுடிச்ச மிஷினுடா இது" என்று அன்றைக்குச் சொன்னவர், மலைக்குத் திரும்பி வந்து சொந்தக் கடை போட்டு ஐம்பதைத் தாண்டிய பிறகும் அதையே சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடையாகத் தைத்துத் தள்ளுகிறார்.

அவருக்குப் பெண் பார்த்த கதையை மலையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். பெண் ஜெயம்மாள் வேறு ஊர், வேறு வகையறா, உறவு கிடையாது. பெண்ணைக் கொண்டுவந்து மாப்பிள்ளைக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். மற்ற மாப்பிள்ளைகள் என்றால் காபியைக் குடிக்கிற சாக்கில் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். அம்மாசிக்குத்தான் ஓரக்கண்ணே கிடையாதே! பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் அத்தனை பேர் முன்னாலும் உட்கார்ந்த இடத்திலேயே முழு உடம்பையும் திருப்பி, தாடையைத் தூக்கி, பெண்ணைப் பார்த்தார். சபை திகைத்தது. ஜெயம்மாள் குபீரென்று சிரித்துவிட்டாள். ஒளிக்காமல் பார்க்கிறவன் ஒளிக்காமல் குடும்பமும் நடத்துவான் என்று அவளுக்குப் பட்டதாம். கட்டிக்கொண்டாள், நன்றாகத்தான் இருக்கிறாள்.

எல்லாமே சிரிப்பாக முடிந்துவிடவில்லை. வாலிபத்தில் ஒருநாள் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் நெரிசல், அம்மாசியால் தலையைத் திருப்ப இடமில்லை. பார்வை எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் எழுந்து கன்னத்தில் ஒன்று வைத்தான். கூட இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அக்கா செங்கம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, தம்பியின் தாடையைக் கையில் பிடித்துக்கொண்டு, "கண்ணு நவுராதுய்யா அவனுக்கு! வேணும்னா என் மூஞ்சியப் பாக்கச் சொல்றேன், எறங்குற மட்டும் என்னியே பாத்துக்கினு வரட்டும்" என்று கத்தினாள். ஊர் வரும்வரை அவர் முன்னாலேயே நின்றுகொண்டு வந்தாள். அடித்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

செங்கம்மாள் அப்படித்தான். பெற்ற தாயே கூட அவசரத்தில் பக்கத்திலிருந்து கூப்பிட்டுவிட்டுத் திட்டு வாங்குவாள். அக்கா மட்டும் எதைச் சொல்வதானாலும் எதிரே வந்து நின்றுதான் சொல்வாள். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டாள். இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. அம்மாசிக்கு உலகத்தில் தேடாமல் தெரிகிற முகம் அது ஒன்றுதான்.

இத்தனை வருஷமாக இது சாமி குற்றம், கிரகணத்தில் பிறந்தது, யாரோ கண் வைத்தது என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மகள் சந்திரலேகா நர்சுக்குப் படித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் விஷயம் துலங்கியது. அங்கே ஒரு கண் முகாமுக்குச் சென்னையிலிருந்து டாக்டர் நிர்மலா வந்திருந்தார். அப்பாவை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். பதில் வந்ததும் அம்மாசியை எதிரே உட்கார வைத்துப் பேசினார்.

"நீங்க துணிய வெட்றதுக்கு முன்னாடி சாக்பீஸால கோடு போடுவீங்க இல்லையா? கோடு போடலன்னா?"

"கத்திரிக்கு வழி தெரியாதுங்க. துணி துணியாவே கெடக்கும்."

"அவ்ளோதான் விஷயம். அம்மா வயித்துல கொழந்த உருவாகுறப்ப, இங்க தசை வரணும்னு கோடு போட ஒரு ஆள் வரணும். அந்த ஆள் வந்து தொட்டாத்தான் தசைய உண்டாக்குற மத்த ஜீனெல்லாம் எழுந்து வேலை செய்யும். அந்த ஆளை அனுப்புற ஜீனுக்கு எம்.ஒய்.எஃப் ஃபைவ்னு பேரு. உங்க ஒடம்புல அது ஆளை அனுப்பவே இல்ல. கை காலுக்குக் கோடு போட இன்னும் சில மாஸ்டருங்க இருந்தாங்க, சமாளிச்சிட்டாங்க. கண்ணை அசைக்கிற தசைக்கு மட்டும் ஈடு கட்ட ஆள் இல்லாம போச்சு."

அம்மாசிக்கு இது ரொம்பப் பிடித்துப் போனது. சாமி குற்றம் இல்லை, கோடு போடுகிற மாஸ்டர் லீவு! கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். காலர் அளவு கொடுக்க வந்த வாத்தியாரிடம் எம்.ஒய்.எஃப் ஃபைவ் தெரியுமா என்று கேட்டு அவரைத் திணற அடித்தார். நோய்க்குப் பெயர் கிடைத்ததில் இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அந்த டாக்டரும் பார்த்திருக்க மாட்டார்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அந்த ஜீன் எல்லோருக்கும் இரண்டு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டால் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆளைப் பார்த்தால் எதுவுமே தெரியாது. இரண்டும் கெட்டால்தான் இப்படி. அம்மாசியின் அப்பாவும் அம்மாவும் நெருங்கிய உறவு. அம்மாசிக்கு இரண்டுமே கெட்டது என்பதால் அவர் பெற்ற மகளிடம் கெட்டது ஒன்று கட்டாயம் இருக்கும். இதை அம்மாசி யாரிடமும் சொல்லவில்லை. சந்திரலேகா மறக்கவில்லை.

மறக்காததற்குக் காரணம் இருந்தது. செங்கம்மாளின் மகன் குமார் மினி வேன் ஓட்டுகிறவன், ஒல்லிப்பிச்சான், நல்ல பிள்ளை. மரவள்ளி ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும்போதெல்லாம் அவன் வண்டி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டுத்தான் போகும். அத்தை மகன், மாமன் மகள், முறை சரியாக இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. இரண்டு குடும்பமும் வாயெல்லாம் பல்லாக நாள் குறிக்க உட்கார்ந்தபோது சந்திரலேகா ஒரு வெடியைப் போட்டாள்.

"மொதல்ல குமாருக்கு ரத்தம் எடுத்துப் பாக்கணும். அந்த ஜீன் அவருக்கும் கெட்டிருந்தா இந்தக் கல்யாணம் வேணாம். அவர்கிட்டயும் சொல்லிட்டேன், ஒத்துக்கினாரு."

அம்மாசிக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மகள் சொன்னதில் தப்பில்லை என்று புத்திக்குத் தெரிகிறது, மனசு கேட்க வேண்டுமே. என்னை மாதிரி ஒன்று பிறந்துவிடுமோ என்றுதானே பயப்படுகிறாள், நான் பிறந்தது அவ்வளவு பெரிய விபத்தா என்று உள்ளுக்குள் குமைந்தார். அன்றைக்கு ஒரு சட்டைக்கு இடது கையை இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டு, பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரே வந்து நின்றவள் செங்கம்மாள். "நீ இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்க? பரிச்சைதானே வெக்கிறா, வெக்கட்டும். என் புள்ள பாசாவான்" என்றாள்.

டாக்டர் ஏற்பாடு செய்த பெண் ஒருத்தி வெள்ளிமலைக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். அன்று சந்திரலேகாவுக்கு டியூட்டி. அம்மாசி கடையில் சீருடை அவசரத்தில் இருந்தார். ஒரு மாதம் ஓடியது. டாக்டர் நிர்மலா சந்திரலேகாவுக்குப் போன் செய்தார். குமாரிடமும் அந்த ஜீன் ஒன்று கெட்டிருக்கிறது.

சந்திரலேகா ஒருநாள் லீவு போட்டுவிட்டு மலைக்கு வந்தாள். அப்பாவின் எதிரே உட்கார்ந்து அழுதாள். அம்மாசி பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டார்.

"நாலு புள்ள பொறந்தா ஒண்ணு என்ன மாதிரி இருக்கும், அவ்ளோதான? நான் நல்லாத்தானம்மா இருக்கேன். என்ன மாதிரி பொறந்தா இன்னா கேடு?"

சந்திரலேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன்ன மாதிரி பொறந்தா எனக்கு ஒரு பயமும் இல்லப்பா. உன்ன பஸ்ல அடிச்சானுங்களே, அவனுங்க மாதிரி ஆளுங்க இன்னும் பஸ்ல ஏறிக்கினுதான இருக்கானுங்க. அவனுங்கள நெனச்சாத்தான் பயம். அத்தை மாதிரி முன்னாடி வந்து நிக்க எல்லாருக்கும் ஒரு அக்கா கெடைக்குமா?"

அம்மாசிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகள் தன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு பாரம் இறங்கியது. ஆனால் கல்யாணம் நின்றது நின்றதுதான். குமார் வேனை எடுத்துக்கொண்டு உளுந்தூர்பேட்டைப் பக்கம் லோடு அடிக்கப் போனவன் வீட்டுப் பக்கமே வராமல் லாரி செட்டிலேயே தங்கிவிட்டான்.

செங்கம்மாள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆறுதல் சொன்னாள், அழுதாள், சாமையைப் புடைத்துக் கொடுத்தாள். ஆனால் அம்மாசிக்கு என்னவோ நெருடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ அவள் வந்து போன பிறகுதான் அது என்னவென்று பிடிபட்டது. கல்யாணம் நின்றதிலிருந்து அக்கா அவர் எதிரே வந்து நிற்கவே இல்லை. கதவோரம் நின்று பேசுகிறாள், மிஷினுக்குப் பக்கவாட்டில் நின்று பேசுகிறாள். இவர் உடம்பைத் திருப்பினால் அவளும் நகர்ந்துகொள்கிறாள். அவர் பார்வைக்கு எட்டாத இடம் எது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். அம்மாசியின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களெல்லாம் நிற்கிற இடத்தில் முதல் முறையாக அவள் நின்றாள். அக்கா எதையோ மறைக்கிறாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

எதை என்று சொன்னவன் கரியன். பங்காளி வீட்டுப் பிள்ளை, கபடி டீமின் தூண், ஒற்றைக் கையால் மரவள்ளி மூட்டையைத் தூக்கி வேனில் எறிகிற உடம்பு. போட்டிக்குப் போக பனியன் தைக்க வந்திருந்தான். அம்மாசி டேப்பை அவன் கையில் சுற்றினார்.

"இன்னாடா இது கையா, உலக்கையா? டேப்பே பத்தாது போலக்குதே."

"கைக்கு இன்னா பெரிப்பா, ஊசி போட்டு ரத்தமெல்லாம் உறிஞ்சிட்டாங்க. கொஞ்சம் எளச்சிட்டேன்" என்றான் கரியன் கவலையாக.

"உனக்கு எதுக்குடா ரத்தம் எடுத்தாங்க?"

கரியன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் மறைக்கிற குணம் அவனுக்கு இல்லை, கொட்டிவிட்டான். "குமாருக்கு மாத்தாளா போனேன் பெரிப்பா. செங்கம்மா அத்ததான் அனுப்புச்சு."

இந்த மாத்தாள் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சாமைக் காட்டில் களையெடுப்பு என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மாறி மாறி வேலை செய்துகொடுப்பது மலையில் வழக்கம். வர வேண்டிய ஆளுக்கு முடியவில்லை என்றால் அந்த வீடு மாத்தாள் அனுப்பும். அனுப்புகிற ஆள், வர வேண்டிய ஆளைவிட ஒரு படி தெம்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏமாற்றிவிட்டார்கள் என்று காட்டுக்காரர் முகம் சுளிப்பார். செங்கம்மாள் வாழ்நாளெல்லாம் இந்த மரியாதையில் ஒரு குறை வைத்ததில்லை. தசை சம்பந்தப்பட்ட ஜீன் என்று காதில் விழுந்ததும் அவள் குமாரைப் பார்த்திருக்கிறாள். ஒல்லிப்பிச்சான். இவன் தசையைச் சோதித்தால் தேறுமா? மலையிலேயே நல்ல தசை யாரிடம் இருக்கிறது என்று யோசித்திருக்கிறாள். மகனிடம், பெற்றவள் ரத்தமே போதுமாம் என்று ஒரு பொய். ரத்தம் எடுக்க வந்தவளிடம், இவன்தான் குமார் என்று இன்னொரு பொய். கரியனுக்கு ஒரு நாட்டுக்கோழிக் குழம்பு.

தசை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த ஜீனில் ஒன்று கெட்டிருப்பது வெளியே தெரியாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? கரியன் வேறு அம்மாசியின் பங்காளி ரத்தம். குமாரை விட்டுவிட்டு, கெட்ட ஜீன் ஓடுகிற வகையறாவிலேயே ஆள் பிடித்து அனுப்பியிருக்கிறாள், மகராசி.

அம்மாசி டேப்பைக் கழுத்தில் போட்டபடியே அக்கா வீட்டுக்கு நடந்தார். செங்கம்மாள் முற்றத்தில் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். தம்பி வருகிற வேகத்தைப் பார்த்ததும் எழுந்து பக்கவாட்டில் நகர்ந்தாள். அவர் திரும்பினார். அவள் இன்னும் நகர்ந்தாள். இரண்டு கிழங்களும் முற்றத்தில் ஒரு சுற்று சுற்றினார்கள்.

"நில்லுக்கா! கரியன் சொல்லிட்டான்" என்றார் அம்மாசி.

அவள் நின்றாள். ஆனால் எதிரே வரவில்லை.

"ஏங்க்கா இப்படிப் பண்ண? என் பொண்ண ஏமாத்தலாமா?"

"ஏமாத்தணும்னு இல்லடா." அவள் சீவிப் போட்ட மரவள்ளியைப் பார்த்துச் சொன்னாள். "ரத்தத்துல கெட்டது இருக்குன்னு வந்தா கல்யாணம் நின்னுபூடும். அப்பறம் ஊரு இன்னா சொல்லும்? அம்மாசி ரத்தத்தாலதான் நின்னுச்சின்னு சொல்லும். உன் ரத்தம் ஆவாதுன்னு என் வூட்டுல இருந்து ஒரு சொல்லு வந்துச்சின்னா நான் எப்படிடா உன் முன்னாடி வந்து நிப்பேன்? கரியன் போனா பாசாயிடும்னு நெனச்சேன். அவனும் பெயிலாயிட்டான். நடந்தத சொன்னா நீ மூஞ்சியில முழிக்க மாட்ட. அப்பறம் கொமாருக்கும் எடுப்பாங்க, அவனுக்கும் இருந்துட்டா? வாயத் தொறக்க பயமாப் போச்சுடா."

கோபமாகத்தான் வந்தார் அம்மாசி. அந்தக் கோபம் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. சிரிப்பு வந்தது. கரியனின் புஜத்தை நினைத்ததும் அடக்க முடியவில்லை. "மலையில இருக்குற அத்தன பேர வுட்டுட்டு இவனப் புடிச்சியேக்கா!" என்று சொல்லி இருமும் அளவுக்குச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மகனுக்கு உண்மையிலேயே இருந்துவிட்டால் என்கிற பயம் அவளை விடவில்லை. சிரித்து முடித்ததும் அவருக்கும் அதே பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

விஷயம் டாக்டர் வரை போனது. போனிலேயே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள் செங்கம்மாள். இந்தத் தடவை சந்திரலேகாவே குமாரின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள், ரத்தம் எடுக்கும்வரை விடவில்லை. ஊசிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டாலும், அந்தக் கையை விட அவனுக்கும் மனசில்லை.

கரியனுக்கும் டாக்டர் தனியாக எடுத்துச் சொன்னார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பெண் மட்டும் உறவில் எடுக்காமல் வெளியில் பார்த்தால் நல்லது என்றார். அவன் கவலைப்படவே இல்லை. "எனக்குள்ளயும் பெரிப்பாவோட ஜீன் ஒண்ணு கீது" என்று கபடி மைதானத்தில் பெருமை அடித்துக்கொண்டான். ரிஷிவந்தியம் பக்கம் ஒரு பெண் இருப்பதாகவும் காதில் விழுகிறது.

பதில் வருகிற நாளில் எல்லோரும் அம்மாசியின் கடையில் கூடிவிட்டார்கள். ஜெயம்மாள் டீ போட்டுவிட்டு யாருக்கும் கொடுக்க மறந்து நின்றாள். குமார் வாசலில் வேன் டயரை உதைத்துக்கொண்டிருந்தான். அம்மாசி மிஷினில் உட்கார்ந்து துணியே வைக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. சந்திரலேகா ஸ்பீக்கரில் போட்டாள்.

"குமாருக்கு ரெண்டு ஜீனும் நல்லா இருக்கு" என்றார் டாக்டர் நிர்மலா. "அந்த வகையில ஒரு பயமும் இல்ல. கல்யாணத்துக்கு எனக்குச் சொல்லி அனுப்புங்க. மாத்தாள் அனுப்ப மாட்டேன், நானே வரேன்."

கடையே அதிர்ந்தது. ஜெயம்மாள் கையிலிருந்த டீ தட்டோடு கவிழ்ந்து பள்ளிக்கூடச் சீருடை மேல் கொட்டியது, யாரும் கண்டுகொள்ளவில்லை. சந்திரலேகா போனை வைக்கவும் மறந்து சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். குமார் உள்ளே ஓடி வந்து மாமாவின் காலில் விழப் போய் மிஷினில் தலையை இடித்துக்கொண்டான்.

அம்மாசி அவனை எழுப்பி நிறுத்திவிட்டு, கடையில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மனைவி, மகள், மருமகன். தேடின முகம் அதில் இல்லை. ஸ்டூலோடு சேர்ந்து ஒரு பக்கம் திரும்பினார். துணி அலமாரி. இன்னொரு பக்கம் திரும்பினார். சுவர், காலண்டர்.

"அக்கா! எங்க நிக்கிற? எனுக்குத் தெரியலியே" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து செங்கம்மாள் மெதுவாக வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தையல் மிஷினைச் சுற்றி நடந்து, அவர் பார்வை போகிற இடத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"இங்கதான்டா கீறேன்" என்றாள்.

அம்மாசி தாடையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவளும் நகரவில்லை.